‘அடுத்த ராக்கிம்’ என்ற பெயரோடு வந்த இருபது வயது நாஸ்

சில மாதங்களுக்கு முன், வானொலி நிகழ்ச்சிக்கு ஓர் இளம் ராப் பாடகர் வந்திருந்தார். முதல் பாடல் வெளியாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. “இதோ, நம்ம அடுத்த யோகி பி!” என்று உற்சாகமாக அறிமுகம் செய்தேன். சிரித்துக்கொண்டே பேசினார். ஒலிவாங்கியை அணைத்த பிறகு மெதுவாகச் சொன்னார்: “அக்கா, அவருதான் இருக்காரே. அப்புறம் நான் எதுக்கு?”

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். ‘வல்லவன்’ 2006-இல் வெளிவந்து, ‘மடை திறந்து’ வீட்டுக்கு வீடு ஒலித்த நாளிலிருந்து நம் ஊரில் தமிழில் ராப் பாடும் யாரையும் அந்தப் பெயரோடு சேர்த்துத்தான் பேசுகிறோம். அறிவிப்பாளருக்கு அது வசதி. நேயருக்கு இரண்டே சொல்லில் புரிந்துவிடும்.

அன்று இரவு வீடு திரும்பும்போது காரில் நாஸின் ‘இல்மேட்டிக்’ தொகுப்பைப் போட்டேன். இதே முத்திரையோடு வந்த முதல் தொகுப்புதான் அதுவும்.

நசீர் ஜோன்ஸ் என்ற நாஸ், நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜில் வளர்ந்தவர். அது 1939-இல் திறக்கப்பட்ட அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பு. வட அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1991-இல் மெயின் சோர்ஸ் குழுவின் ஒரு பாடலில் சில வரிகள் பாடினார். அவ்வளவுதான், ‘அடுத்த ராக்கிம் இவர்’ என்று பேச்சு கிளம்பிவிட்டது. சொந்தத் தொகுப்பு வர இன்னும் மூன்று வருடம் இருந்தது.

யார் இந்த ராக்கிம்? பள்ளியில் படித்த எதுகை, மோனை, இயைபு நினைவிருக்கிறதா? ராக்கிமுக்கு முன் பெரும்பாலான ராப் வரிகள் இயைபையே நம்பியிருந்தன. வரி முடியும் இடத்தில் ஒத்த ஓசை வரும். அதை உரத்த குரலில் சொல்வார்கள். 1987-இல் டிஜே எரிக் பி-யோடு ராக்கிம் வெளியிட்ட ‘பெய்ட் இன் ஃபுல்’ அந்தப் பழக்கத்தை மாற்றியது. ஒத்த ஓசைகளை வரியின் நடுவிலும் அடுக்கினார். ஒரு வாக்கியத்தை அடுத்த வரிக்குள் வழியவிட்டார். கத்தவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடினார். சிறு வயதில் சாக்ஸஃபோன் வாசித்தவர் என்பதால், எங்கே மூச்சு விடுவது என்பதில்கூட ஜாஸ் வாசனை அடிக்கும்.

நாஸின் வீட்டிலும் ஜாஸ் இருந்தது. அவருடைய தந்தை ஓலு டாரா, கார்னெட் என்ற ஊதுகருவிக் கலைஞர். ‘இல்மேட்டிக்’கில் ஒரு பாடலின் முடிவில் அவரே வாசித்திருக்கிறார். அப்பா வாசிப்பை மகனின் முதல் தொகுப்பில் கேட்கும் அந்தச் சில விநாடிகள் எனக்கு இன்றும் தனி.

ஒப்பீட்டை நாஸ் எப்படிச் சமாளித்தார்? ராக்கிமின் சாயலே இல்லாமல் பாடி விலகியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ‘நியூயார்க் ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ பாடலைக் கவனித்துக் கேளுங்கள். பல்லவி இருக்க வேண்டிய இடத்தில் ஒலிப்பது ராக்கிமின் குரல். 1990-இல் வந்த ‘மஹோகனி’ பாடலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, டிஜே பிரீமியர் இசைத்தட்டைத் தேய்த்துத் தேய்த்து ஒலிக்கவிடுகிறார். ஊரே யாரோடு ஒப்பிடுகிறதோ, அவரையே பாட்டுக்குள் அழைத்து உட்கார வைத்துவிட்டார்கள்!

உட்கார வைத்துவிட்டு நாஸ் சொன்னதெல்லாம் தன் குடியிருப்பின் கதை. ராக்கிம் பெரும்பாலும் தன் ஆற்றலைப் பற்றிப் பாடினார்; ஒலிவாங்கி முன் தன்னை யாரும் நெருங்க முடியாது என்பார். நாஸ் தன் வீட்டுச் சன்னலில் நின்று கீழே பார்த்தார். மாடிப்படி, போதைப்பொருள், போலீஸ், ஓடும் பையன்கள். ‘ஒன் லவ்’ பெரும்பாலும் சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதம்: உன் பிள்ளை எப்படி இருக்கிறது, வெளியே யார் மாறிவிட்டார்கள் என்று செய்தி சொல்லும் கடிதம். 1992-இல் அவருடைய நெருங்கிய நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே இரவில் தம்பிக்கும் குண்டடி பட்டது. அந்தத் துக்கம் தொகுப்பு முழுவதும் கசிகிறது. அட்டையில் இருப்பதும் சிறுவன் நாஸின் முகம்தான். அதன் மேல் தெருவும் கட்டடங்களும் படிந்திருக்கும்.

(பெற்றோருக்கு ஒரு வார்த்தை: கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும்போது போடாதீர்கள்.)

1994 ஏப்ரல் 19-இல் தொகுப்பு வெளிவந்தது. அப்போது நாஸுக்கு வயது 20. ‘த சோர்ஸ்’ இதழ் ஐந்துக்கு ஐந்து மைக் கொடுத்தது. ஒரு புதுமுகத்துக்கு இது அபூர்வம். விற்பனை மட்டும் மெதுவாகத்தான் ஏறியது. பத்து லட்சம் பிரதிக்கான பிளாட்டினம் சான்றிதழ் வந்தபோது 2001 ஆகிவிட்டது. பிறகு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

ஆனால் ஒப்பீடு அவரை விடவில்லை. 1996-இல் இரண்டாவது தொகுப்பு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. அப்போதும் பலர், “நல்லாத்தான் இருக்கு, ஆனா ‘இல்மேட்டிக்’ மாதிரி இல்லையே” என்றார்கள். ‘அடுத்த ராக்கிமா?’ என்ற கேள்வி போய், ‘பழைய நாஸ் எங்கே?’ என்ற கேள்வி வந்தது. எனக்கு இதுதான் அதிகக் கொடுமையாகத் தெரிகிறது. முன்னவரோடு ஒப்பிட்டால் வேறு பாதையில் போகலாம்; இருபது வயதுத் தன்னையே எப்படித் தாண்டுவது? ராக்கிம் மீது அவருக்குக் கசப்பும் இல்லை. 2004-இல் ராக்கிமின் வாழ்க்கைக் கதையையே ஒரு பாடலாகப் பாடினார்.

மறுநாள் அந்த இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு, ‘இல்மேட்டிக்’கின் இணைப்பையும் அனுப்பினேன். நியூயார்க் ரயிலின் சத்தத்தோடு தொடங்கும், முன்னுரையையும் சேர்த்துப் பத்தே தடங்கள், நாற்பது நிமிடம்கூட முழுதாக இல்லை என்று எழுதினேன்.

இரவு பதினொன்றரைக்குப் பதில் வந்தது. “பத்துதானா அக்கா? என் ஆல்பத்துக்கு 18 பாட்டு வெச்சிருக்கேன். அதுல ஒரு ஆறு பாட்டு யோகி பி அண்ணன் மாதிரியே இருக்கு. எடுத்துடலாம்னு பாக்குறேன்.”