காதுக்கு ஏது கூடு?

வாசிக்கும் உடல் – 7

2024 ஜூன் மாதம் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு செய்தி போட்டார். சில வாரங்களுக்கு முன் விமானத்தை விட்டு இறங்கி நடந்தபோது, சட்டென்று எதுவுமே கேட்காமல் போய்விட்டது. வைரஸ் தாக்கியதால் காது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, அபூர்வமாக வருவது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஏன் ஆளையே காணோம் என்று ரசிகர்களும் நண்பர்களும் கேட்டபடி இருந்ததால், தைரியத்தைத் திரட்டிக்கொண்டு இதைச் சொல்வதாக எழுதியிருந்தார். கூடவே, இளைய கலைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உரத்த இசையிடமும் ஹெட்ஃபோனிடமும் கவனமாக இருங்கள்.

காரணம் வைரஸ் என்றால் எச்சரிக்கை ஏன் ஒலியைப் பற்றி? வைரஸும் இரைச்சலும் வெவ்வேறு வழியாக வந்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். உட்காதில் சுருண்டு கிடக்கும் காக்ளியாவின் அளவு ஒரு பட்டாணி. அதற்குள் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000 மயிர்ச்செல்கள். பிறக்கும்போது கொண்டுவந்த இந்த இருப்புதான் ஆயுளுக்கும். பறவைகளுக்கு இவை அழிந்தாலும் மறுபடி முளைக்கும் என்று 1980களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு முளைப்பதில்லை. முப்பது வருடம் மேடையில் நின்று இருப்பைக் கரைத்தவருக்கு, ஒருநாள் வைரஸும் வந்து கைவைத்தால் மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் அந்த எச்சரிக்கையைப் பொருத்தமற்றதாக நான் நினைக்கவில்லை.

போன வாரம் பாடகர்களின் குரல்நாண் முடிச்சுகளைப் பார்த்தோம். தொண்டை கட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். காது போனால் வெளியே தெரியாது. அந்த வசதியே பெரிய கேடாக முடிகிறது.

திடீர்ச் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். காலையில் எழுந்திருக்கும்போதே அந்தப் பக்கம் அடைத்திருக்கும். ஃபோனை அந்தக் காதில் வைத்தால் எதிர்முனையில் ஆளே இல்லை. உள்ளே ஓயாத இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றல். மூன்று நாளைக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேள்திறன் இறங்கியிருந்தால் மருத்துவர்கள் இந்தப் பெயரைச் சூட்டுவார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கடைசிவரை பிடிபடுவதில்லை. வைரஸாக இருக்கலாம், உட்காதுக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒற்றை நாளத்தில் அடைப்பாக இருக்கலாம். அபூர்வமாக நரம்பில் கட்டி இருக்கும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

நம் வீடுகளில் இதற்கு நடப்பது வேறு. சளி இறங்கியிருக்கும் என்று ஆவி பிடிப்பார்கள். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதிப்பார்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவார்கள், மெடிக்கல் ஷாப்பில் சொட்டுமருந்து வாங்குவார்கள். ஒரு வாரம், பத்து நாள் இதிலேயே ஓடிவிடும். ஆனால் ஸ்டீராய்டு மருந்து பலன் தருவதற்கான நல்ல காலம் முதல் இரண்டு வாரம்தான். அதிலும் முதல் சில நாட்களுக்குள் போய்ச் சேருவது மேல். சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பதால், செவிப்பறை வழியாக ஊசியில் மருந்தை உள்ளே செலுத்தும் முறையும் உண்டு. மாத்திரைக்குப் பலன் கிடைக்காதவர்களுக்கும் அந்த ஊசி ஒரு வாய்ப்பு. மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்குப் பேர்வரை தானாகவே ஓரளவு மீள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாமும் இருப்போம் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

அழுக்கு அடைப்பா, நரம்பா என்று கோடு காட்ட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இசைக்காரர்களுக்கு அது கைவந்த காரியம். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று ஒரு சுருதியைப் பிடியுங்கள். அடைத்த காதில் அந்த ரீங்காரம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் அழுக்கோ சளியோதான். நல்ல காதுப் பக்கமே ஒலி நகர்ந்துபோனால் நரம்புக் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும், அன்றைக்கே இ.என்.டி. மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். 'ம்' சோதனை, ஆடியோகிராம் என்ற கேள்திறன் சோதனைக்கு மாற்று கிடையாது. அவசரம் என்று உணர்த்துவதற்கு மட்டும்.

மருந்தே இல்லாத காலத்தில் செவியிழப்பு ஒருவரை என்ன செய்தது என்பதற்கு செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் வாழ்க்கை சாட்சி. 1874இல் அவருக்கு வயது 50. பிராகு நகரின் நாடக அரங்கில் தலைமை இசை நடத்துநர். அந்த ஆண்டின் கோடையில் காதில் இரைச்சல் தொடங்கியது. அக்டோபர் முடிவதற்குள் இரண்டு காதும் முழுதாகப் போய்விட்டன, வேலையும் போனது. அடுத்த சில வாரங்களில்தான் அவருடைய மிகப் புகழ்பெற்ற படைப்பான 'வ்ல்தவா'வை எழுதினார், அதன் ஒரு சுரத்தையும் கேட்காமல். 1876இல் எழுதிய நால்வர் தந்தியிசையின் கடைசிப் பகுதியில், துள்ளிக்கொண்டு போகும் நடனம் சட்டென்று நின்றுவிடும். முதல் வயலின் உச்சத்தில் ஒற்றைச் சுரத்தை நீளப் பிடித்து நிற்கும். தன் காதுக்குள் கேட்ட அந்தக் கூவலைத்தான் அங்கே வைத்தார். எனக்கு அந்த இடத்தைக் கேட்க இன்றும் சங்கடமாக இருக்கும்.

ஸ்மெத்தனாவுக்கு வந்தது நோய். இசையே காதைத் தாக்கிய வழக்கு ஒன்று லண்டனில் நடந்தது. கிறிஸ் கோல்ட்ஷைடர் ராயல் ஓபரா ஹவுஸில் வியோலா வாசித்தவர். 2012 செப்டம்பர் 1 அன்று வாக்னரின் 'டீ வால்க்யூரே' ஒத்திகை. மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியில் இடம் போதாது, கருவிகளோ ஏராளம். இருக்கைகளை மாற்றிப் போட்டதில், பித்தளை ஊதுகருவிகளின் படையே கோல்ட்ஷைடரின் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. முதன்மை டிரம்பெட் அவருடைய வலது காதுக்கு நேரே. ஒத்திகை முடிவதற்குள் காது பழுதாகியிருந்தது. செவிடாகிவிட்டார் என்று சொன்னால் தவறு. அவருக்கு நேர்ந்தது அதற்கு நேரெதிர். சாதாரண ஒலியையே காது தாங்கவில்லை. சமையலறையில் பாத்திரம் உரசினாலும் வலி. வீட்டுக்குள்ளேயே காதுக்காப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்தார். மகன் ஹார்ன் வாசிப்பவர். அந்த வாசிப்பைக்கூடக் கேட்க முடியவில்லை. 2014இல் வேலையை விட்டார்.

அரங்கத்தின் வாதத்தைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் இரைச்சல் என்பது கழிவு. இங்கே ஒலிதான் சரக்கு. கலைத்தரத்தைக் குறைக்காமல் ஒலியைக் குறைக்க முடியாது என்றார்கள். அவருக்கு வந்தது தற்செயலான மெனியர் என்ற உட்காது நோய் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். 2018 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. வேலையிடத்து இரைச்சல் பற்றிய 2005ஆம் ஆண்டு விதிகள் ஆலைக்கும் ஓபரா அரங்குக்கும் ஒன்றே என்றது. அன்றைய ஒத்திகையின் ஒலி, காதுக்காப்பைக் கட்டாயமாக்கும் 85 டெசிபல் எல்லையை நன்றாகவே தாண்டியிருந்தது. காதடைப்பானைக் கையில் கொடுத்துவிட்டு, போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம் என்று விட்டது போதாது என்றும் தீர்ப்புச் சொன்னது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குழிக்குள் எந்நேரமும் காதடைப்பான் கட்டாயம் என்ற கறாரைத் தளர்த்தியது. அரங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

கோல்ட்ஷைடருக்கு வழக்குப் போட ஒரு முதலாளி இருந்தார். நம் ஊரில் யார் மேல் போடுவது? திருவிழாக் கமிட்டியா, மைக் செட்காரரா, கச்சேரி ஏற்பாடு செய்த காண்டிராக்டரா? ஒரு முகூர்த்தத்துக்கும் அடுத்த முகூர்த்தத்துக்கும் இடையில் நம் கலைஞருக்கு முதலாளியே கிடையாது.

கும்பகோணம் பக்கத்துக் கோயில் ஒன்றில், புறப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்த தவில் வித்வான் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். வலக்கை விரல்களிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரி படுத்தா காதுல சத்தம் கேக்குதாண்ணே?"

"விசில் மாதிரி கேக்கும் தம்பி. விடிஞ்சா அடங்கிரும். சீசன்ல அடங்கறதில்ல."

"யார்கிட்டயாச்சும் காட்டுனீங்களா?"

"காட்டுனா வெளிய தெரிஞ்சிரும். காது போன ஆளுக்கு லயம் எங்க நிக்கும்னு அடுத்த கல்யாணத்துக்கு வேற செட்டக் கூப்பிட்ருவாங்க." கடைசிக் கூட்டையும் டப்பாவில் போட்டு மூடினார். "விரலுக்குக் கூடு இருக்கு. காதுக்கு ஏது?"

இருக்கிறது, அண்ணே. அதை விளக்கத்தான் இந்த வாரம் முழுக்க எடுத்துக்கொண்டேன்.

முதலில், பஞ்சை நம்ப வேண்டாம். அது பேருக்குத்தான் தடுக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் நன்றாகத் தடுக்கும். ஆனால் மேல் ஸ்தாயியை அதிகமாகவும் கீழ் ஸ்தாயியைக் குறைவாகவும் வெட்டுவதால், போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். தவில் வாசிப்பவருக்கு இடப்பக்கத்துத் தொப்பி கேட்கும், வலப்பக்கத்து வலந்தலையின் வெட்டு கேட்காது. எரிச்சலில் பிடுங்கிப் போட்டுவிடுவார். இதற்குத்தான் அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் 1988இல் ஒரு வழி கண்டது. காதுத் துளைக்கு இயல்பாகவே 2,700 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைக் கூட்டித் தரும் குணம் உண்டு. அடைத்தால் அது போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட, சின்னஞ்சிறு குழலும் சவ்வும் வைத்த வடிகட்டியைச் செய்தார்கள். எல்லா ஸ்தாயியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி 15 டெசிபல் குறையும். சுநாதம் அப்படியே இருக்கும், பலம் மட்டும் இறங்கும். காதின் அச்செடுத்துச் செய்து தருவதும் உண்டு, பொது அளவில் விற்பதும் உண்டு. பாடுகிறவர்களுக்கும் ஊதுகிறவர்களுக்கும் அச்செடுத்தது நல்லது. மேலோட்டமாகச் செருகினால் தன் குரலும் தாடையின் அதிர்வும் தலைக்குள் முழங்கும். ஆழமாகப் பொருந்தினால் அந்த முழக்கம் குறையும்.

15 டெசிபல் என்பது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94க்கு 1 மணி. 100க்கு வெறும் 15 நிமிடம். ஆக, 100 டெசிபலில் நிற்பவர் இந்த அடைப்பானைச் சரியாகப் போட்டால் 15 நிமிடம் 8 மணி நேரமாகிறது. கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? 85ஐத் தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஒலிபெருக்கியை விட்டு நாலடி தள்ளி உட்காருவதற்குக் காசு செலவில்லை. கல்மண்டபத்தில் அந்த அளவு குறையாது, சுவர் திருப்பி அனுப்பிவிடும்.

மெல்லிசைக் குழுக்களில் இப்போது காதுக்குள் மாட்டும் இன்-இயர் மானிட்டர் பரவிவிட்டது. மேடைத் தரையில் கிடக்கும் மானிட்டர்களை அலறவிடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பாடகர்கள் பலர் கைதட்டல் கேட்க வேண்டும் என்று ஒரு காதைக் கழற்றித் தோளில் தொங்கவிடுகிறார்கள். இரு காதால் கேட்கும்போது கிடைக்கும் பலம் ஒரு காதில் கிடைக்காது. சவுண்டு இன்ஜினியரைப் பார்த்து 'கூட்டுங்க' என்று கை காட்டுவார்கள். மாட்டிய காதுக்கு மானிட்டர் அடி, கழற்றிய காதுக்கு மேடை அடி. கைதட்டல்தான் வேண்டுமென்றால், அரங்கைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதைக் கலந்து தரச் சொல்லலாம்.

விடிந்தால் அடங்கிவிடும் விசிலுக்கு வருகிறேன். அடங்கியதும் சரியாகிவிட்டது என்றுதான் மருத்துவமும் நெடுநாள் நம்பியது. 2009இல் ஹார்வர்டைச் சேர்ந்த குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளிடம் வேறொன்றைக் காட்டினார்கள். கேள்திறன் சோதனையில் எல்லாம் பழையபடி திரும்பியிருந்தது; மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகள் மட்டும் பெருமளவு போயிருந்தன. மனிதரில் இது எவ்வளவு என்ற ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. சந்தடியில் பேச்சு புரியவில்லை என்று கச்சேரிக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எலிகள் ஞாபகத்துக்கு வரும்.

தொழிலில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, சீசன் தொடங்குமுன், ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசித்த மறுநாள் எடுக்க வேண்டாம், ஒருநாளாவது காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போங்கள். திடீரென்று ஒருநாள் காது கேட்கவில்லையென்றால், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள்தான் உதவும். மருத்துவமனைக்குப் போனால் சீட்டு எழுதுகிறவரிடம் "காது அடைப்பு" என்று சொல்லாதீர்கள். காத்திருப்போர் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள், அல்லது திங்கட்கிழமை வரச்சொல்வார்கள். "நேத்து வரைக்கும் நல்லா கேட்டுது, இன்னிக்கு ஒரு காது திடீர்னு கேக்கல" என்று சொல்லுங்கள். அன்றைக்கே ஆடியோகிராம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த வாரம்: நாகஸ்வரக்காரரின் உதடும் பல்லும்.

(தொடரும்)