சங்கீதம் யாருடைய சொத்து?

சங்கீதம் சபாக்களின் தனிச்சொத்தா, ஜனங்களின் பொதுச்சொத்தா? சாஸ்திரீய ராகத்தைப் பாமரர் விரும்பும் பாட்டோடு கலந்தால் ராகம் கெடும் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை என்பதைத் திருச்சிராப்பள்ளியின் சரித்திரமே காட்டுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

1910-ம் ஆண்டில் மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர். பொற்கொல்லர் குடும்பத்துச் சிறுவனான அவரை, ஹரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவர் ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடகக் கலைஞருமான எப். ஜி. நடேச ஐயர். பின்னர் பிடில் வித்வான் பொன்னு ஐயங்காரிடமும், ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடமும் அவர் முறையாகப் பயின்றார். ஆகவே, அவர் ஜனங்களுக்கு வழங்கியது அரைகுறை ஞானமன்று. உழைத்துத் தேடிய வித்தை.

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் பாபநாசம் சிவன் இயற்றிய பாட்டொன்று சாருகேசி ராகத்தில் அமைந்தது. இருபத்தாறாவது மேளகர்த்தா என்ற கணக்கை அறியாதவர்களும் அந்த ராகத்தை வாய்விட்டுப் பாடினர். நீண்ட ஆலாபனை இல்லை, நிரவல் இல்லை, சில நிமிஷங்களில் முடியும் இசைத்தட்டுப் பாட்டு. ஆயினும் ராகத்தின் ஜீவன் குன்றவில்லை. சொல் தமிழாயிருந்தமையால் பொருளும் நெஞ்சில் தைத்தது.

இம்முறை நமக்குப் புதிதுமன்று. காவேரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்தில், பகல்பத்து, இராப்பத்து உற்சவங்களில் அரையர்கள் தாளமேந்தி ஆழ்வார்களின் பாசுரங்களைப் பாடி, அபிநயித்து, பொருளும் உரைக்கின்றனர். அப்பாசுரங்களைத் திரட்டி இசை வகுத்தவர் நாதமுனிகள் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். பண்டிதரின் இசையும் ஜனங்களின் மொழியும் அங்கே பிரிந்து நிற்கவில்லை.

நிற்க. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய ஸ்தானம் வேண்டுமென்று 1941-ல் அண்ணாமலை நகரில் எழுந்த கிளர்ச்சி, 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக உருக்கொண்டது. அதற்குப் பின்னும் பல மேடைகளில் தமிழ்ப் பாட்டு இறுதித் துக்கடாவாகவே ஒதுங்கி நிற்பது நியாயமாகாது.

கல்லாமல் கலப்போர் கலையைக் கெடுப்பர். கற்றும் கலக்க மறுப்போர் அதைப் பட்டினி போடுவர். பாகவதர் 1959-ல் மறைந்தார். அவருக்குச் சிலை வைப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் நடுநாயகமாக வைக்கவும், எளியோரும் வந்தமர்ந்து கேட்க வாயிலைத் திறந்துவிடவும் திருச்சி, ஸ்ரீரங்கம் சபாக்கள் முன்வர வேண்டுமென வற்புறுத்துகிறோம். ஜனங்கள் பாடாத சங்கீதம் தேசத்தின் சங்கீதமாகாது.