நடுவே நிற்கும் குரல்

நியூ டவுன் அடுக்ககங்களில் பாட்டு இன்று பெரும்பாலும் இயர்போனில் அடங்கிவிடுகிறது. ஆனால் கல்கத்தாவின் காது பழுத்த காது. 1902-ல் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடியது இங்கேதான். 1908-ல் சியால்டாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலையே வந்துவிட்டது. இறக்குமதிக்குக் கெடுபிடி நிலவிய 1970-ல், இதே நகரில் பிறந்தது சோனோடைன் நிறுவனம். அதன் விலை எட்டாதவர்கள் சாந்தினி சௌக்கில் உதிரி பாகங்கள் வாங்கி, தாங்களே பற்றவைத்து ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டார்கள்.

பித்து பிடிப்பது ஒரு நொடியில். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் உட்கார வேண்டும். இரண்டிலும் ஒரே அளவில் வரும் குரல், பெட்டியே இல்லாத நடுவிடத்தில் நின்று பாடும். கேட்டவரை ஆயுசுக்கும் விடாது. இயர்போனில் அதே குரல் மண்டைக்குள்ளேயே சுற்றும்; எதிரே வராது.

நியூ டவுன் பிள்ளைகளுக்கு இப்போது தேவை, பழைய ஜோடி ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாத ஒரு மாமா.