11 வயசு நாய்க்கு ஆபரேஷன்: செலவு பண்ணலாமா, வேண்டாமா?

போன வருஷம் எங்க வீட்டு ஜூலியைக் குளிப்பாட்டும்போது, பால்காம்புக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை சைஸில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அவளுக்கு 11 வயசு. கிளினிக்கில் சொன்ன எஸ்டிமேட் 30,000 ரூபாய். "இந்த வயசுல அதுக்கு எதுக்குடா கத்தி?" என்றார் அம்மா.

நான் ஆடிட்டர். பழக்கதோஷத்தில் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் இதே வரிசையில் போடுங்க.

1. முதலில் சின்னச் செலவு

பெண் நாய்களுக்கு வரும் மடிக் கட்டிகளில் சுமார் பாதி புற்றுநோய். மீதி சாதாரணக் கட்டி. தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே இரண்டையும் எடுங்க. கிட்னியும் கல்லீரலும் நல்லா இருந்தால், வயசு மட்டுமே தடை இல்லை. நுரையீரலுக்குப் பரவியிருந்தால், பெரும்பாலும் ஆபரேஷன் ஆயுளை நீட்டாது. அப்போ அந்தப் பணத்தை வலி மருந்துக்கு வைங்க. அது கஞ்சத்தனம் இல்லை.

2. தள்ளிப்போடுவதும் செலவுதான்

"போனஸ் வரட்டும், பார்க்கலாம்" என்று இருக்காதீங்க. புற்றுக் கட்டியாக இருந்தால், 3 செ.மீ.க்குள் இருக்கும்போதே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கட்டிக்கும் கூட்டுவட்டி உண்டு!

3. பணம் எங்கிருந்து?

80டி கழிவு நாய்க்குக் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் கட்டிக்கு இன்சூரன்ஸையும் நம்ப முடியாது. எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தால் அதை எடுங்க, இதுக்குத்தான் அது. கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டால் வட்டி, அந்த வட்டி மேல் 18% ஜிஎஸ்டி வேற. கால்நடை கிளினிக்கின் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, பில்லைப் பாருங்க. சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிங்க. தனியார் கிளினிக்கை விடச் செலவு குறையும்.

4. எஸ்டிமேட்டில் என்னென்ன அடங்கும்?

மயக்க மருந்து, தையல், அப்புறம் போடும் மருந்து, பயாப்ஸி எல்லாம் சேர்த்தா என்று கேளுங்க. எடுத்த கட்டியைக் கண்டிப்பா பயாப்ஸிக்கு அனுப்புங்க. இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. அடுத்து என்ன செய்வது என்பதை அந்த ரிப்போர்ட்தான் சொல்லும்.

ஜூலிக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆபரேஷன் செய்தோம். பயாப்ஸியில் புற்றுநோய் என்றே வந்தது. ஆனால் முழுசாக எடுத்தாச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப், அதுக்கு மாசம் 500 ரூபாய் தனியாக ஒதுக்குறேன். எத்தனை வருஷம் இருப்பாள் என்று தெரியாது. இப்போதைக்கு, அம்மா சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் முதலில் உட்காருவது அவள்தான்.

இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுச் செல்லத்தின் வயிற்றையும் ஒரு தடவை தடவிப் பாருங்க. அதுக்குச் செலவே இல்லை.