சத்தம் கூடும், வேகம் கூடுமா?

ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் பழைய மாருதி 800 ஒன்று ‘டபடப’வென்று வந்தால், வண்டி கண்ணில் படும் முன்பே சங்கதி தெரிந்துவிடும். ஒன்று, சைலன்சரை மாற்றியிருக்கிறார்கள். அல்லது சைலன்சர் ஓட்டையாகிவிட்டது. கேட்பவர் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். காசு கொடுத்து மாற்றியவரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடக் கூடாது.

அந்தக் காரில் இருப்பது 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 75 வெடிப்பு. ஒவ்வொரு முறை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும், அழுத்தம் இன்னும் அடங்காத சூட்டுப் புகை குபீரென்று பாய்கிறது. சத்தம் பிறப்பது அங்கே. மூன்று சிலிண்டர் புகையையும் மேனிஃபோல்டு ஒன்றாகச் சேர்த்து, வண்டியின் அடிவயிற்றுக் குழாய் வழியே பின்னால் உள்ள சைலன்சருக்கு அனுப்புகிறது.

பழுதான சைலன்சர் ஒன்றை அறுத்துப் பார்த்தால், உள்ளே இரண்டு மூன்று அறைகளும் பொத்தல் போட்ட குழாய்களும் இருக்கும். புகை ஒரு குழாயில் வந்து, அறையில் விரிந்து, அடுத்த குழாயில் நுழைந்து வெளியேறுகிறது. ஒலி அலையோ சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு முட்டித் தன்னையே அழித்துக்கொள்கிறது. எந்த ஸ்தாயி அடங்கும் என்பதை அறையின் நீளமே தீர்மானிக்கிறது. நாதஸ்வரத்தில் எந்தத் துளை திறந்திருக்கிறது என்பது சுரத்தைத் தீர்மானிப்பது போல. அந்த நீளங்களைக் கணக்குப் போட்டு வைத்தவர் கம்பெனி எஞ்சினியர். அதைக் கழற்றி நேர்க்குழாய் மாட்டினால் அந்த 75 அதிர்வும் அப்படியே காருக்குள் வந்து உட்காரும். சேத்தியாத்தோப்பு தாண்டுவதற்குள் தலைவலி நிச்சயம்.

“பிக்கப் ஏறியிருக்கு” என்பார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காது சொல்லும். காலும் தன்னையறியாமல் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதிக்கும். நாற்பது குதிரைத்திறனைக் கூட எட்டாத எஞ்சின் விடும் புகைக்குக் கம்பெனிக் குழாயே தாராளம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கதை வேறு. அங்கே எஞ்சின் எப்போதும் உச்சச் சுற்றில் ஓடுகிறது. குழாய் நீளத்தைச் சரியாக அமைத்தால், ஒரு சிலிண்டரிலிருந்து போகும் புகை அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அதற்கேற்ப கேம், பெட்ரோல் அளவு, இக்னிஷன் எல்லாவற்றையும் மாற்றியிருப்பார்கள். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்கிற நமக்கு அந்த உச்சச் சுற்று எங்கே வரப்போகிறது?

இதைவிட மோசம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்து எறிவது. 1995 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி; அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. நன்றாகச் சூடேறியதும் கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றிவிடும். அதன் மதிப்பு திருடர்களுக்குத் தெரிந்திருக்கிறது: குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் நிறுத்தியிருந்த மாருதி ஈகோ வண்டிகளின் சைலன்சரை இந்தப் பூச்சுக்காகவே கழற்றிக்கொண்டு போனார்கள். புதிய கார்களில் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடித்து டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கை எரியவிடும்.

சட்டமும் பக்கத்திலேயே நிற்கிறது. புதிய காரின் சத்தம் சோதனையில் 74 டெசிபலைத் தாண்டக் கூடாது. பத்து டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சத்தம், புகை விதிகளை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும்.

இந்தப் பக்கத்துக் கார்களுக்கு உண்மையான எதிரி துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் குழாய் முனையில் சொட்டுவது அதுதான். கடைத்தெரு வரை போய்த் திரும்பும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. தண்ணீர் உள்ளேயே தங்கி இரும்பை அரிக்கும். மாசி மகத்துக்குச் சாமியோடு கிள்ளைக் கடற்கரை வரை போய் வந்தால் வெளிப்பக்கம் உப்பும் சேரும். வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். சில சைலன்சர்களின் அடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனி போட்டது. ஓட்டை என்று வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

நிஜ ஓட்டையைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்வது எளிது. சூடேறுமுன், வெட்டவெளியில் வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, மடித்த துணியால் குழாய் முனையைச் சில நொடி அழுத்திப் பிடிப்பார்கள். எங்கும் கசிவில்லையென்றால் எஞ்சின் திணறும். ‘புஸ்’ஸென்று சத்தம் வருகிற இடம் மேனிஃபோல்டு கேஸ்கட் பக்கமாக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு ஓட்டும்போது, அங்கே கசியும் கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் உள்ளே வரும்.