பழைய புத்தகத்தை மூடிப் புதியதைத் திறக்கும்போது: வாடிக்கையாளர் தரவை இடம் மாற்றுவது எப்படி?

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் நடத்தும் காப்புறுதி முகவர் நிலையங்கள், பயண முகவர் நிலையங்கள், நகைக்கடைகள் பலவற்றின் பின்னறையில் ஒரு பழைய கணினி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த எவருக்கும் துணிவில்லை. இருபது, இருபத்தைந்து வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர் விபரம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அது 1987 இல் வெளிவந்த ‘ஆக்ட்’ போன்ற ஒரு மென்பொருளாக இருக்கலாம். மைக்ரோசொப்ட் அக்சஸில் தெரிந்த தம்பி ஒருவர் செய்து கொடுத்த தரவுத்தளமாகவும் இருக்கலாம். இவற்றை வாடிக்கையாளர் உறவு முகாமை மென்பொருள் என்றும், சுருக்கமாக சிஆர்எம் என்றும் சொல்வார்கள்.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு, இந்தப் பழைய கணினியை என்ன செய்வது என்ற கேள்வி பலருக்கு வந்திருக்கிறது. புதிய இணையவழி மென்பொருள் விற்பவர்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். பிரதி எடுப்பது ஒரு நாள் வேலையாக இருக்கலாம். ஆனால் சிறு வணிகங்களின் கணக்குகளைப் பார்த்துவரும் எங்களுக்கு இது ஒரு பேரேட்டை மூடி அடுத்த பேரேட்டைத் திறக்கும் வேலையாகவே தெரிகிறது. ஒரு புத்தகத்தில் ‘மீதி கீழ்க் கொண்டுசெல்லப்பட்டது’ என்று எழுதிய தொகையும், மற்றதில் ‘மீதி கீழ்க் கொண்டுவரப்பட்டது’ என்று எழுதிய தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும். அதை எப்படி உறுதிசெய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

சிஆர்எம் என்பது வெறும் பெயர்ப் பட்டியல் அல்ல. குறைந்தது நான்கு அட்டவணைகளாவது அதற்குள் இருக்கும். ஆளின் விபரம் ஒன்றில், கொடுக்கல் வாங்கல் இன்னொன்றில், குறிப்புகள் மூன்றாவதில், அவர் தந்த சம்மதங்கள் நான்காவதில். இவற்றை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது வாடிக்கையாளர் இலக்கம். ‘புது மென்பொருள் தானே புது இலக்கம் கொடுக்கும்’ என்று சொல்லிப் பழைய இலக்கத்தை விட்டுவிட்டால், எந்தக் குறிப்பு யாருடையது என்பது தெரியாமல் போய்விடும். ஆகவே புதிய மென்பொருளில் ‘பழைய இலக்கம்’ என்று ஒரு நிரலைத் திறந்து, அதை அப்படியே கொண்டுபோக வேண்டும்.

குறிப்புப் பகுதிதான் எல்லாவற்றிலும் பெறுமதியானது, கைவிடப்படுவதும் அதுதான். பழைய மென்பொருள்களில் ‘காலமானார்’ என்று குறிக்கத் தனி இடம் இருந்ததில்லை. முகவர்கள் குறிப்பில்தான் எழுதி வைத்தார்கள்: ‘அண்ணை போன மாசி காலமானார், இனி அக்காவோடு கதைக்கவும்.’ இந்த வரி விடுபட்டுப் போனால், அடுத்த பிறந்தநாளுக்கு இறந்தவர் பெயரில் வாழ்த்துச் செய்தி வீட்டுக்குப் போகும். அந்த அக்கா அதற்குப் பிறகு அந்த முகவரிடம் போகமாட்டார். எனவே மாற்றத்துக்கு முன், ‘காலமானார்’, ‘பிரிந்துவிட்டார்கள்’, ‘அழைக்க வேண்டாம்’ போன்ற சொற்களைக் குறிப்புகளில் தேடி எடுத்து, அவற்றுக்குப் புதிய மென்பொருளில் தனி நிரல் ஒதுக்குங்கள். கடைக்காரர்தான் இதைச் செய்யவேண்டும். கணினித் தொழிலாளிக்கு எந்த அக்கா என்று தெரியாது.

எமது பெயர்கள்

மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை எதிர்பார்க்கின்றன. எமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயர் இருக்கிறது. அகதி விண்ணப்பம் எழுதிய நாளில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்துக்குள் போனதோ, அதுவே பலருக்கு நிரந்தரமாகிவிட்டது. செல்லையாவின் மகன் குமாரசாமி, ஒரு நாட்டில் திரு. செல்லையா, இன்னொரு நாட்டில் திரு. குமாரசாமி. அவருடைய மனைவிக்குக் குமாரசாமி குடும்பப்பெயர், தம்பிக்குச் செல்லையா. ஆங்கில எழுத்தில் வந்தால் ‘வ’ ஒருவருக்கு ‘வி’, இன்னொருவருக்கு ‘டபிள்யூ’. ‘த’ என்பதை ஒருவர் ‘டி’ என்று மட்டும் எழுதுவார், மற்றவர் ‘எச்’ சேர்ப்பார்.

இடமாற்ற மென்பொருள்கள் ‘இரட்டைப் பதிவுகளைத் தானாக இணைக்கவா?’ என்று கேட்கும். எமது பட்டியலுக்கு இந்த வசதி ஆபத்தானது. தகப்பன் பெயரும் முகவரியும் ஒன்றாக உள்ள இரண்டு சகோதரர்களை அது ஒருவராக்கிவிடும். இரண்டு விதமாகப் பெயர் எழுதிய ஒரே ஆளை இருவராகவே விட்டுவிடும். பெயரைத் தவிர்த்து, தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி, மின்னஞ்சல் ஆகியவற்றில் இரண்டாவது பொருந்தும் பதிவுகளைத் தனிப் பட்டியலாக எடுங்கள். அந்தக் குடும்பங்களை அறிந்த ஒருவர் அவற்றைப் பார்த்து முடிவெடுக்கட்டும். முடிவெடுக்க முடியாவிட்டால் இணைக்காமலே விடுங்கள். பிரித்திருப்பதைப் பிறகு சேர்க்கலாம். சேர்ந்துவிட்டதைப் பிரிப்பது மிகவும் கடினம்.

பாமினி எழுத்தில் உள்ளவை

பழைய பட்டியல்களில் தமிழ் இருந்தால், அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டதாக இருக்கும். பாமினியில் தமிழ் எழுத்து சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே சேமிக்கப்படுகின்றன. எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புதிய மென்பொருளில் அந்த எழுத்துரு இல்லாததால், திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அதைக் குப்பை என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். யூனிகோட்டுக்கு மாற்றினால் ஒவ்வொரு எழுத்தும் திரும்பி வரும்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒரே கட்டத்துக்குள் ஆங்கிலமும் பாமினியும் கலந்திருந்தால், முழுவதையும் மாற்றும்போது ஆங்கிலப் பகுதி பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே கலந்துள்ளவற்றைத் தனியே பிரித்துக் கையால் மாற்ற வேண்டும். இரண்டாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருமாற்றிப் பக்கங்களில் வாடிக்கையாளர் பட்டியலை ஒட்டாதீர்கள். நீங்கள் ஒட்டியது எந்த நாட்டு வழங்கிக்குப் போகிறது, அங்கே எவ்வளவு காலம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. இணையத் தொடர்பில்லாமல் கணினியிலேயே இயங்கும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். ஏற்றுமதி செய்யும் கோப்பை யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமித்தால், தமிழும் ஜேர்மன், நோர்வே மொழிகளின் சிறப்பு எழுத்துகளும் உடையாமல் போய்ச் சேரும்.

எக்செல் செய்யும் வேலை

பழையதிலிருந்து புதியதற்குப் போகும் வழியில் கோப்பை எக்செலில் திறந்து பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். திறந்தவுடனேயே அது சிலவற்றை மாற்றிவிடும். தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். நீளமான அட்டை இலக்கங்களில் 15 இலக்கங்களுக்கு மேற்பட்டவை பூச்சியமாகும். 03/04 என்பது லண்டன் கணினிக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச் 4. இவற்றைத் தவிர்க்க, கோப்பை நேரே திறக்காமல் இறக்குமதி வழியாக எடுத்து, இலக்க நிரல்களை ‘எழுத்து’ வகை என்று முன்கூட்டியே குறிக்கவேண்டும். திகதிகளை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் குழப்பம் வராது.

பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை இந்த எல்லையில் சிக்கியதால், 15,841 கொவிட் தொற்றாளர்களின் விபரம் நாளாந்த எண்ணிக்கையில் சேராமல் போனது. அவர்களோடு பழகியவர்களுக்கு அறிவிப்பதும் தாமதமானது. கோப்பில் பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை, எண்ணிப் பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.

பரீட்சை மீதி

வணிகம் படித்தவர்கள் பரீட்சை மீதியை மறந்திருக்கமாட்டார்கள். இங்கும் அதையே செய்கிறோம். ஒரு நாளைக் குறித்து, அந்த மாலைக்குப் பிறகு பழைய கணினியில் எதையும் பதியாமல் நிறுத்துங்கள். பின்வருவனவற்றைத் தாளில் எழுதுங்கள்: மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை, மின்னஞ்சல் உள்ளவர்கள் எத்தனை, தகவல் அனுப்பச் சம்மதித்தவர்கள் எத்தனை, மறுத்தவர்கள் எத்தனை, வரவேண்டிய கடன் மொத்தம், நகைச் சேமிப்புத் திட்டத்தில் வாடிக்கையாளர்கள் கட்டிய பணத்தின் மொத்தம். மாற்றிய பிறகு புதிய மென்பொருளில் அதே எண்களை எடுங்கள். ஒன்றில் வித்தியாசம் வந்தாலும் காரணம் கண்டுபிடிக்கும்வரை கடையைப் புதிய மென்பொருளில் நடத்தவேண்டாம்.

மொத்தம் சரியாக இருந்தாலும் உள்ளே பிழை இருக்கலாம். அதனால் முப்பது பேரைத் தெரிந்தெடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலகுவானவர்களைத் தெரியவேண்டாம். மறுமணம் செய்தவர், நாடு மாறியவர், இரண்டு கடன் உள்ளவர், தமிழில் குறிப்பு உள்ளவர் என்று சிக்கலானவர்களாகப் பாருங்கள்.

தரவு போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது என்பதற்கு ரிஎஸ்பி வங்கி உதாரணம். 2018 ஏப்ரலில் பிரித்தானியாவின் இந்த வங்கி தன் வாடிக்கையாளர்களைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய அமைப்பு வேலைசெய்யவில்லை. பெருந்தொகையானோர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசெம்பரில் ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தன. எங்கள் அளவில் பாடம் இதுதான்: தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, கோடை விடுமுறைப் பயணக் காலம் ஆகியவற்றுக்கு முன்னால் மாற்றாதீர்கள். முதலில் ஐம்பது வாடிக்கையாளரை மாற்றி, இரண்டு கிழமை வேலை செய்து பாருங்கள்.

பட்டியல் யாருடையது?

1983 யூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். பட்டியல் என்றால் என்னவென்று எமது மூத்தவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பயண முகவரின் கணினியில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்: யாரிடம் அகதிப் பயணப் பத்திரம் இருக்கிறது, யார் எப்போது சென்னைக்குப் போனார், ஊரில் யார் வீட்டில் தங்கினார், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய உறவினரின் இலக்கம் எது. வாடிக்கையாளர் அதைத் தந்தது ஒரு பயணச்சீட்டு எடுப்பதற்காக மட்டுமே.

சட்டமும் இதையே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 இலிருந்து நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, தேவை முடிந்தபின்னும் வைத்திருக்கக்கூடாது. பிரித்தானியாவிலும் இதே கொள்கைகள் தொடர்கின்றன. சுவிஸின் திருத்திய சட்டம் 2023 செப்டெம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இடமாற்றம் என்பது கழிக்கவேண்டியதைக் கழிக்கும் நேரமும்கூட. வரிக் கணக்குக்குத் தேவையானவற்றை உரிய காலம்வரை வையுங்கள்; பிரித்தானியாவில் கம்பனிகளுக்கு இது நிதியாண்டு முடிவிலிருந்து 6 வருடம். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய பயணியின் பத்திரப் பிரதியைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோக ஒரு காரணமும் இல்லை.

புதிய மென்பொருள்காரரிடம் ஒப்பமிட முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தரவு எந்த நாட்டில் வைக்கப்படும்? உங்கள் ஊழியர்களில் யார் அதைப் பார்க்கலாம்? நாங்கள் விலகினால் குறிப்புகள் உட்பட எல்லாவற்றையும் எந்த வடிவத்தில் திருப்பித் தருவீர்கள்? மூன்றாவதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், பத்து வருடத்தில் இதே சிக்கலுக்குள் மறுபடியும் அகப்படுவீர்கள்.

கடைசியாக, அந்தப் பழைய கணினி. எண்கள் பொருந்திய பின், எவரும் மாற்றி எழுத முடியாதபடி பூட்டி, மூன்று மாதம் வைத்திருங்கள். பிறகு அதன் வன்தட்டைக் கழற்றி, தரவை முற்றாக அழிக்கும் சேவையிடம் கொடுத்து, அழித்ததற்கான சான்றிதழை வாங்குங்கள். தம்பியின் பென்டிரைவில் உள்ள பிரதி, மின்னஞ்சலில் அனுப்பிய எக்செல் கோப்பு, மேசை லாச்சியில் உள்ள சீடி ஆகியவற்றையும் எண்ணி அழியுங்கள். ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று பழைய கணினிகளைக் கப்பலில் அனுப்புவது நல்ல மனம்தான். வன்தட்டை மட்டும் இங்கேயே கழற்றி எடுத்துவிடுங்கள்.