நர்கிஸ் மலரும் அதன் குறுஞ்செடிகளும்

குளிர்காலம் பிறந்ததும் வடநாட்டுப் பூக்கடைகளில் மணம் கமழும் வெண்மலர்க் கொத்துகளை நேயர்கள் கண்டிருக்கலாம். இவ்விடத்தார் அதனை நர்கிஸ் என்பர். நம் புலவர்கள் மங்கையர் கண்ணுக்குக் குவளையை உவமை கூறியதுபோல், பாரசீக, உருதுக் கவிஞர்கள் இம்மலரைக் கூறினர். ஆங்கிலேயர் போற்றும் டாபோடிலும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. நார்சிஸஸ் என்பது இதன் தாவர நூற்பெயர்.

இவ்வினத்தின் தாயகம் பெரும்பாலும் ஸ்பெயின், போர்த்துகல், வட ஆப்பிரிக்கா ஆகியவையாம். பெயர்க்காரணம் இருவகையாகக் கூறப்படுகிறது. நீரில் தெரிந்த தன் உருவத்தையே காதலித்து மாய்ந்த நார்சிஸஸ் என்னும் இளைஞன் இம்மலரானான் என்பது ரோமானியக் கவி ஓவிட் பாடிய கதை. பிளினி என்னும் ரோமானிய அறிஞரோ, மரத்துப்போதலைக் குறிக்கும் 'நார்கே' என்ற கிரேக்கச் சொல்லே மூலம் என்றார்.

பூவின் அமைப்பு எளிது. ஆறு இதழ்கள் தட்டுப்போல் விரிய, நடுவே ஒரு கிண்ணம் நிற்கும். இதில் குறுஞ்செடி வகைகளும் உண்டு. வட ஸ்பெயின் மலைகளில் 10 சென்டிமீட்டர் அளவே வளரும் காட்டினம் ஒன்று உளது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அலெக் கிரே என்பவர் 1940களில் உருவாக்கிய 'டெட்டா டெட்' வகை உலகப்புகழ் பெற்றது. இருவர் தனித்து உரையாடுதல் என்பது அப்பிரெஞ்சுப் பெயரின் பொருள். ஒரே தண்டில் பெரும்பாலும் இரு பூக்கள் மலர்வதால் பெயர் பொருத்தமே. 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமே உள்ளதால், முற்றமில்லாத வீட்டிலும் சன்னலோரத் தொட்டியில் வளர்க்கலாம். ஆனால் இதற்குச் சில வாரக் குளிர் இன்றியமையாதது; சென்னை வெப்பத்தில் தானாக மலராது. பூ வாடியபின் இலைகளை உடனே அறுக்கலாகாது. அவை பழுக்கும்வரை சேமிக்கும் உணவே அடுத்த ஆண்டுப் பூவுக்கு ஆதாரம்.

இல்லத்தரசிகள் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இதன் கிழங்கு வெங்காயத்தை ஒத்திருக்கும். இன்றைய தாவர நூலார் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். ஆயினும் இது நஞ்சு. வெங்காயம் என்றெண்ணிச் சமைத்து உண்டோர் வாந்தியும் வயிற்றுவலியும் உற்றதுண்டு. சமைப்பதால் நஞ்சு நீங்காது. அதே செடியிலிருந்து எடுக்கப்படும் கலான்டமைன் என்னும் பொருள், முதியோரின் மறதி நோய்க்கு மருந்தாகப் பயன்படுகிறது; அமெரிக்கா 2001இல் அதற்கு அனுமதி அளித்தது. எனினும் அது மருத்துவர் அளந்து தரும் மருந்து, கைவைத்தியத்துக்கு உரியதன்று.

ஆகவே கிழங்கு வாங்குவோர் அதனைப் பெயரெழுதிய பையிலிட்டு, குழந்தைகளுக்கு எட்டாமலும் காய்கறிக் கூடையருகே வையாமலும் காத்திடுக.